அங்கே கோல்ஃப் மைதானம் இல்லை

போடிமெட்டு. 17 கொண்டை ஊசி வளைவு ஏறிவந்த தலைசுற்றலோடு டீக்கடை பெஞ்சில் நானும் மாமாவும். கீழே போடிநாயக்கனூர் தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரிகிறது. விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போன ஜீப்புகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. காற்றில் லேசாக ஏலக்காய் வாசம். அல்லது டீயில் போட்டதாகவும் இருக்கலாம்.

மாமா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். கடையில் கிடந்த ஒரு பத்திரிகையைப் புரட்டினார். 'கோடை விடுமுறையில் பார்க்க வேண்டிய 10 இடங்கள்' என்று ஒரு கட்டுரை. வருஷா வருஷம் அதே பத்து இடங்கள்.

"மாப்ளே, இதெல்லாம் எவன் பார்க்கலை? நான் ஒரு லிஸ்ட்டு சொல்றேன். பார்க்க வேண்டிய கோல்ஃப் கிரவுண்டு. பூரா மிலிட்டரி கேம்ப்புக்குள்ள. எழுதுவியா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். லிஸ்ட் நன்றாகவே வந்தது.

முதலில் சிக்கிமில் குபுப். அங்கே நம் ராணுவம் பராமரிக்கும் 'யாக் கோல்ஃப் கோர்ஸ்' 13,025 அடி உயரத்தில் இருக்கிறது. உலகத்திலேயே உயரமானது என்று கின்னஸில் பெயர் வாங்கியது. நாம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் இடம். அங்கே பந்தைத் தேடி ஓட வேண்டும்.

இரண்டாவது நம் ஊர். நீலகிரியில் வெலிங்டன். 1873-ல் தொடங்கிய ஜிம்கானா கிளப். தேசப் பிரிவினையில் குவெட்டா ஸ்டாஃப் காலேஜ் பாகிஸ்தானுக்குப் போய்விட, 1947-ல் நமக்கென்று ஒரு ஸ்டாஃப் காலேஜை வெலிங்டனில் வைத்தார்கள். முப்படை அதிகாரிகள் படிக்க வருகிறார்கள். படிப்பு முடிந்ததும் பதினெட்டுக் குழி கோல்ஃப். சுற்றிலும் மலை, சோலை, பனி. ஃபோட்டோவில் பார்த்தாலே ஆடத் தெரியாதவனுக்கும் ஆசை வரும்.

மூன்றாவது பாங்காக். டான்முவாங் விமான நிலையத்தில் இரண்டு ரன்வேக்களுக்கு நடுவே தாய்லாந்து விமானப்படை பல ஆண்டுகளாக ஒரு மைதானம் நடத்திவந்தது. விமானம் இறங்கும்போது சிவப்பு விளக்கு எரியும். ஆடுகிறவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டும். நம்ம ஊர் லெவல் கிராஸிங் மாதிரி.

நான்காவது திருகோணமலை. சைனா பேயில் இலங்கை விமானப்படையின் 'ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ்'. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் குண்டு போட்ட அதே தளம்தான். இன்று சுற்றுலாப் பயணிகளைக் காசு வாங்கிக்கொண்டு ஆட விடுகிறார்கள். கோல்ஃபில் மணல் நிரப்பிய பள்ளத்துக்கு 'பங்கர்' என்று பெயர். பந்து அதில் விழுந்தால் ஆட்டக்காரர் சலித்துக்கொள்வார். அந்தக் கரையோரத்துத் தமிழர்களுக்கு பங்கர் என்ற சொல் எதை ஞாபகப்படுத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது கலிபோர்னியா. சைப்ரஸ் என்ற ஊரில் அமெரிக்கக் கடற்படையின் மைதானம். அங்கே ஒரு ரிட்டயர்டு லெஃப்டினன்ட் கர்னல் தன் பொடியனைக் கூட்டிக்கொண்டு ஆட வருவார். பொடியன் பெயர் டைகர் வுட்ஸ். அப்பா வியட்நாம் போரில் தன்னோடு இருந்த ஒரு தோழனைக் கூப்பிட்ட செல்லப் பெயரைத்தான் மகனுக்கும் வைத்தார்.

லிஸ்ட் முடிந்தது. இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. இதில் நம் நாட்டில் இருப்பவற்றில் எத்தனை மைதானத்துக்குள் நீங்களும் நானும் ஒரு சனிக்கிழமை காலையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் நின்று பார்க்க முடியும்?

சைனா பேயில் முடியும். சைப்ரஸில் ஒரு பொடியனுக்கு முடிந்தது. நம் ஊரில் கேட்டில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்பார். நிற்க வேண்டியதுதான், அது ராணுவம். பாதுகாப்பு விஷயத்தில் விவாதம் இல்லை. ஆனால் கொஞ்சம் பொறுங்கள்.

2011-ல் நாடாளுமன்றத்தில் சி.ஏ.ஜி. எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஒன்று வைக்கப்பட்டது. பாதுகாப்புத் துறையின் நிலங்கள் பற்றியது. அதில் கோல்ஃபுக்கும் ஒரு பகுதி. 97 ராணுவ கோல்ஃப் மைதானங்கள். மொத்தம் 8,076 ஏக்கர். இவற்றை நடத்துவது 'ஆர்மி ஸோன் கோல்ஃப்' என்ற பதிவு பெற்ற தனியார் சங்கம். நிலம் அரசாங்கத்துடையது. வாடகை கிடையாது. வருமானமும் அரசுக் கணக்குக்குப் போகவில்லை. வெளியாட்களுக்கும் வெளிநாட்டவருக்கும் கூட மெம்பர்ஷிப் உண்டு. இவ்வளவும் தணிக்கையாளர் சொன்னது.

பாதுகாப்பு விவாதம் இங்கேதான் காற்று போன பந்தாகிறது. கட்டணம் கட்டும் வெளிநாட்டுக்காரர் மட்டையோடு உள்ளே போகலாம் என்றால், ஆபத்து பார்வையாளரிடம் இல்லை, அவருடைய பர்ஸில்தான் இருக்கிறது.

8,076 ஏக்கர் எவ்வளவு பெரிசு? சென்னைக்காரர்களுக்குக் கிண்டி தேசியப் பூங்கா தெரியும். அதுமாதிரி பன்னிரண்டு. இதெல்லாம் 'ஏ-1' வகை நிலம் என்கிறது அறிக்கை. கன்டோன்மென்ட் நில விதிகளின்படி ஏ-1 என்றால் ராணுவம் நேரடியாக உபயோகிக்கும் நிலம். கோட்டை, பாரக்ஸ், ஆயுதக்கிடங்கு மாதிரியான உபயோகங்களுக்கு. பதினெட்டுக் குழிகளில் எந்தக் குழி கோட்டை, எந்தக் குழி கிடங்கு?

இதற்கு ஒரு சாமர்த்தியமான பதில் இருக்கிறது. டெல்லி கன்டோன்மென்ட் மைதானத்தின் பெயரைப் பாருங்கள். 'ஆர்மி என்விரான்மென்டல் பார்க் அண்ட் டிரெய்னிங் ஏரியா'. சுற்றுச்சூழல் பூங்கா, பயிற்சிக் களம். கோல்ஃப் என்ற வார்த்தையே கிடையாது. டெல்லி மட்டுமல்ல, வேறு பல கன்டோன்மென்ட்களிலும் இதே பெயர்தான். காகிதத்தைப் படித்தால் அங்கே கோல்ஃப் மைதானமே இல்லை. புல் இருக்கிறது, கொடி இருக்கிறது, குழி இருக்கிறது, பந்தும் இருக்கிறது. மைதானம்தான் இல்லை!

இந்த இடத்தில் எனக்கு மறுபடி போடிமெட்டு ஞாபகம் வருகிறது. செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். ஏலமலைக் காடு. போடிக்காரர்களுக்கு அங்கே தலைமுறை தலைமுறையாக ஏலத்தோட்டம் உண்டு. அந்த நிலத்தின் ஜாதகம் விசித்திரமானது. மண் ரெவின்யூ துறைக்கு, மரம் வனத்துறைக்கு, நடுவில் ஏலச்செடி மட்டும் விவசாயிக்கு. குத்தகை ஏலம் போடுவதற்குத்தான். வேறெதற்கும் இல்லை. நிழலுக்கு நிற்கும் மரத்தை வெட்டினால் ஒரு துறை வரும். ரோட்டோரம் ஒரு கட்டடம் எழுப்பினால் இன்னொரு துறை வரும்.

1897-ல் திருவிதாங்கூர் அரசு இந்த மலையைப் பற்றி ஓர் அறிவிப்பு போட்டது. அதில் குறிப்பிட்ட பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதில் தகராறு. முன்னால் ஒரே ஒரு 2. அந்த ஒற்றை இலக்கத்துக்காக உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போய், 2024 அக்டோபரில் புதிதாகப் பட்டா கொடுக்க இடைக்காலத் தடை வந்தது. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. மூன்று தலைமுறையாகக் களை பறித்தவனிடமும் நியாயம் இருக்கிறது. அதை நீதிபதிகள் பார்த்துக்கொள்வார்கள்.

நான் சொல்லவருவது வேறு. இந்த மலைச் சரிவில் ஒரு மனிதன் காகிதத்தில் எழுதிய ஒரு சொல்லுக்கு, ஒரு எண்ணுக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறான். 'ஏலம்' என்று எழுதியிருந்தால் ஏலம்தான். அவன் தன் லாட்ஜுக்கு 'ஏலக்காய்ச் சூழல் பூங்கா மற்றும் பயிற்சிக் களம்' என்று போர்டு மாட்டிப் பார்க்கட்டும். மறுநாளே நோட்டீஸ். பெரிய இடத்தில் மட்டும் காரியம் அப்படியே இருக்கிறது, சொல் மாறிக்கொள்கிறது.

உடனே, "தேசத்துக்காக உயிரைக் கொடுப்பவன் கொஞ்சம் விளையாடினால் உனக்கு என்ன வலி?" என்று கடிதம் எழுதாதீர்கள். எனக்கு வலியே இல்லை. எதிர்க்கட்சி வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன்.

நகரத்து நடுவில் இந்தப் புல்வெளிகள் இல்லாவிட்டால் இந்நேரம் அங்கே அடுக்குமாடி முளைத்திருக்கும். அது உண்மை. ராணுவக் குடும்பங்களிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள். ஷுபாங்கர் சர்மாவின் அப்பா ராணுவ அதிகாரி. காது கேளாத திக்ஷா டாகர் ஒரு கர்னலின் மகள். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஆடினார், 2022-ல் காது கேளாதோருக்கான ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கினார். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த புல்வெளியை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை.

ஆனால் கர்னல் மகள், அதிகாரி மகன் என்று லிஸ்ட் போகிறதே, ஹவில்தார் மகன் எங்கே?

மாமாவிடம் கேட்டேன். ஏதோ ஒரு முகாமில் (எது என்று அவரும் சொல்லவில்லை, நானும் எழுத மாட்டேன்) இரண்டு வருஷம் அந்தப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார். பதுங்கிச் சுடும் பயிற்சி முடித்தவர், தும்பைப்பூ மாதிரி வெள்ளைப் பந்துகளைப் புதரில் தேடிப் பொறுக்கியிருக்கிறார்.

"நீங்க ஆடக் கூடாதுன்னு ரூல் இருந்துச்சா மாமா?"

"ரூலை யாரு பார்த்தா? மட்டை என்ன விலைன்னு தெரியுமா? அப்படியே வாங்கினாலும் ஆபீசர் ஆடுற எடத்துல போயி நாம நிக்க முடியுமாப்பா?"

கோல்ஃப்காரர்கள் மோசமாக ஆடுகிறவரைக் கிண்டலாக 'ஆர்மி கோல்ஃப்' என்பார்கள். பந்து லெஃப்ட், ரைட், லெஃப்ட், ரைட் என்று மார்ச் போகுமாம். மாமாவுக்கு அந்த ஜோக் புரியவில்லை. மார்ச் மட்டும்தான் அவர் பண்ணியிருக்கிறார்.

எனவே மைதானங்களை மூடு என்று நான் எழுதப்போவதில்லை. மூன்றே மூன்று கோரிக்கை.

ஒன்று, கோல்ஃப் மைதானம் என்றே போர்டு வையுங்கள். ஆடுவது தப்பில்லை என்றால் சொல்வதிலும் தப்பில்லை.

இரண்டு, வெளியாரிடம் வாங்கும் பணத்தை அரசுக் கணக்கில் காட்டுங்கள். நிலம் நம் எல்லாருடையது. அந்த ஜீப்பில் இறங்கும் பெண்களுடையதும்தான். அவர் வாங்கும் சோப்பில்கூட வரி இருக்கிறது.

மூன்று, வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு காலை, கேட்டைத் திறந்துவிடுங்கள். அடையாள அட்டையைப் பாருங்கள், பையைச் சோதியுங்கள், ஃபோட்டோ எடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். சிப்பாய்களின் பிள்ளைகளும் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் வரட்டும். முகாமின் ஸ்டோரில் கிடக்கும் பழைய மட்டைகளை அவர்கள் கையில் கொடுங்கள். பத்துப் பந்தில் ஒன்பது புதருக்குள் போகும். பத்தாவது எங்கே போகிறது என்று பார்ப்போம்.

பார்க்க வேண்டிய இடம் என்றால் முதலில் பார்க்கவாவது முடிய வேண்டும் இல்லையா?

டீ ஆறிவிட்டது. கடைசி ஜீப்பும் வளைவில் மறைந்தது. மாமா பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு எழுந்தார்.

"எழுதுறதுன்னா எழுது. ஆனா அந்தப் புல்லு ரொம்ப நல்லாயிருக்கும் மாப்ளே. அதையும் எழுதிரு."

எழுதிவிட்டேன்.