துள்ளும் பந்தும் விடை சொல்லும் திரையும்: பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் இணையச் செயல்பாடு குறித்த ஒரு திறனாய்வு

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு வெளிவந்த பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் ‘இணையச் செயல்பாடு’ என்றொரு பகுதி இயல்தோறும் இடம்பெறுகிறது. மாணவர் விரைவுக் குறியீட்டை வருடினால் ஜியோஜீப்ரா மென்பொருளில் அமைந்த பணித்தாள் ஒன்று திறக்கும். திறன் வகுப்பறைகளும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் அரசுப் பள்ளிகளுக்கு வந்துவிட்ட நிலையில், தொழில்நுட்பம் வேண்டுமா என்னும் விவாதத்திற்கு இனிப் பெரிதாகப் பயனில்லை. அப்பணித்தாள் மாணவரிடம் என்ன கேட்கிறது என்பதே ஆராயத்தக்கது.

‘எண்களும் தொடர்வரிசைகளும்’ என்னும் இயலுக்குரிய துள்ளும் பந்துப் பணித்தாளைச் சான்றாகக் கொள்ளலாம். பந்து விழும் உயரம், துள்ளல்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு துள்ளலிலும் உயரம் குறையும் விகிதம் ஆகியவற்றை மாணவர் உள்ளிடுகிறார். பந்து துள்ளுகிறது, கணக்கீடு அருகிலேயே தோன்றுகிறது. அதனை உற்றுநோக்கிக் கூடுதலைக் கற்குமாறு பாடநூல் பணிக்கிறது. வேறு சில பணித்தாள்களில் மாணவர் விடையைத் தெரிவு செய்தவுடன் அது சரியா தவறா என்று திரை சொல்லிவிடுகிறது. முன்பு பாடநூலின் கடைசிப் பக்கங்களில் இருந்த விடைப்பட்டியல் திரைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கிய இம்மென்பொருளின் ஆற்றல் வேறிடத்தில் உள்ளது. ஒன்றை மாற்றினால் அதனோடு தொடர்புடைய மற்றவை எவ்வாறு மாறுகின்றன என்பதை அது உடனுக்குடன் காட்டும். அதே பந்தை எடுத்துக்கொள்வோம். விகிதம் 1/2 எனில், துள்ளல் முடிவின்றித் தொடர்வதாகக் கொண்டால், பந்து கடக்கும் மொத்தத் தொலைவு தொடக்க உயரத்தைப்போல் 3 மடங்கு. விகிதம் 3/4 எனில் 7 மடங்கு. 4/5 எனில் 9 மடங்கு. 9/10 எனில் 19 மடங்கு. இவ்வெண்களை வரிசையாகக் காணும் மாணவர் இவை ஏன் ஒற்றைப்படையாகவே வருகின்றன என்று கேட்கக்கூடும். 2/3 இட்டால் 5 வருகிறது, ஐயம் வலுக்கிறது. 3/5 இட்டால் 4 வந்து அந்த ஊகத்தை உடைத்துவிடுகிறது. விகிதம் 1ஐ நெருங்க நெருங்கத் தொலைவு கட்டின்றிப் பெருகுவதையும், சரியாக 1 ஆகும்போது வாய்பாடு பொருளிழப்பதையும் அவர் தாமே கண்டறியலாம். முடிவிலாப் பெருக்குத் தொடரின் கூடுதல் அதே இயலில் பாடமாக உள்ளது. ஆகவே இவ்வினாக்களுக்கான கருவியும் பாடமும் கைக்கெட்டிய தொலைவிலேயே இருந்தன. பணித்தாள் அவற்றை நோக்கி ஓரடியும் வைக்கவில்லை.

இங்குத் தமிழ்க் கணித மரபை ஒப்புநோக்குவது பயன்தரும். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி உரக்க ஓதப்பட்டது, மணலில் எழுதப்பட்டது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் இந்நாட்டு முறையைக் கண்டு கைக்கொண்டு, 1797இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே இங்கிலாந்துக்கும் அறிமுகப்படுத்தினார். (அரசின் கற்றல் செயலிக்கு ‘மணற்கேணி’ என்று பெயரிட்டோர் இதனை நினைத்திருக்க வாய்ப்பில்லை, எனினும் பொருத்தம் சுவையானது.) ஓதுதல் வெறும் மனப்பாடம் என்னும் காலனியக் கால மதிப்பீட்டைச் செந்தில் பாபுவின் ஆய்வுகள் மறுத்துள்ளன. நினைவு அங்கே ஒரு கற்றல் முறையாக இயங்கியது என்பது அவர் நிறுவும் கருத்து. நினைவிலிருந்த எண்கள் நிலம், தானியம், கூலி ஆகியவற்றின் கணக்குகளில் பயன்பட்டன.

காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாச்சுளைக் கணக்கு ஒன்று உண்டு. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுத்தால் பழத்தைப் பிளக்காமலே சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்கிறது அது. நிறுவல் தரப்படவில்லை. ஆயினும் அவ்விதி பொய்க்கக்கூடியது. பழத்தை அரிந்து எண்ணிப் பார்த்து மறுக்கலாம். பந்துப் பணித்தாளில் மாணவர் மறுக்கவோ ஐயுறவோ எதுவுமில்லை. மரபைப் போற்றும் நோக்கில் இதனைக் கூறவில்லை. எண்சுவடிக்குத் திரும்புவது இன்று இயலாது, தேவையுமில்லை.

தேசியக் கலைத்திட்டம் 2005ஐ ஒட்டி, இரா. இராமானுஜம் தலைமையில் அமைந்த கணிதக் கல்விக் குழு, எண்ணறிவு என்னும் குறுகிய நோக்கத்தையும் குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குதல் என்னும் உயர் நோக்கத்தையும் பிரித்துக் காட்டியது. நம் பணித்தாள்கள் முதலாவதோடு நின்றுவிடுவதற்கு அவற்றை வடிவமைத்தோரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வடிவியலுக்கும் வரைபடத்திற்கும் தலா 8 மதிப்பெண். கவராயமும் அளவுகோலும் வரைபடத்தாளும் கொண்டு அந்த 16 மதிப்பெண்களை மாணவர் உறுதியாகப் பெற வேண்டும். மீள்பார்வைக் காலத்தில் ஆசிரியர் திரையை அணைத்துவிட்டு மீண்டும் மீண்டும் வரையச் சொல்வது அறியாமையால் அன்று. தம் மாணவர் தேர்ச்சி பெற வேண்டும் என்னும் பொறுப்பினால்.

எனவே மாற்றம் வினாத்தாளிலிருந்து தொடங்க வேண்டும் என்று கருதுகிறேன். துள்ளும் பந்தின் விகிதம் 1ஐ நெருங்கும்போது மொத்தத் தொலைவு என்னாகும், ஏன் என்று ஒரு வினா கேட்கப்படுமானால், மறு ஆண்டே ஆசிரியர்கள் அப்பணித்தாளைத் திறப்பர். அவ்வினாவை அச்சிட எந்த மென்பொருளும் தேவையில்லை.