சேலம் மிஷன் வரலாறு: ஒரு மறுவாசிப்பு

இலண்டன் மிஷனெரி சங்கத்தின் நூற்றாண்டு நிறைவையொட்டி ரிச்சர்ட் லவெட் எழுதிய இரு தொகுதி வரலாறு 1899ஆம் ஆண்டு வெளியாயிற்று. சங்கத்தின் ஆவணங்களைக் கொண்டு எழுதப்பட்ட அந்நூலின் உழைப்பை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் அதனைக் காரிமங்கலம் போன்றதோர் ஊரிலிருந்து வாசிப்பவர் தம் மக்களை அதில் தேடிக் களைத்துப் போவார்.

தருமபுரி–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் உள்ள இவ்வூர் 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தில் இச்சங்கத்தின் ஊழியம் 1827இல் ஹென்றி கிறிஸ்ப் என்பவரால் தொடங்கப்பெற்றது. 1840இல் வந்த ஜான் மைக்கேல் லெக்லர், 1861இல் மரிக்கும்வரை அங்கு உழைத்தார். தொழிற்பள்ளி ஒன்றையும் நிறுவினார். சேலத்தில் அவர் பெயரால் ஓர் ஆலயம் உண்டு. போற்றத்தக்க பணியே. ஆனால் அப்பள்ளியில் உளி பிடித்தவர் யார்? எச்சாதியார்? கற்ற தொழில் அவர்களைப் பண்ணையடிமையினின்று விடுவித்ததா? மிஷனெரியின் வருகை, மாறுதல், மரணம் ஆகியவற்றையே வரலாற்றின் அத்தியாயங்களாகக் கொண்டுவிட்டால் இக்கேள்விகள் எழுவதற்கே இடமில்லை.

1876–78 பெரும் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாயிருந்த சேலம் மாவட்டத்தின் மக்கட்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. தென்னாட்டில் பல மிஷன்கள் அக்காலத்தில் கஞ்சி வார்த்தன, அநாதைகளைச் சேர்த்துக்கொண்டன. அதனைத் திருச்சபையின் சமூகத்தொண்டு என்று நம் ஆண்டுவிழா மலர்கள் பெருமையுடன் குறிக்கின்றன. கஞ்சிக் கலயத்தை ஏந்தி நின்றவரோ வெறும் எண்ணிக்கையாகிவிடுகிறார். அவர் நம் சபையின் பாட்டனார் என்பது மறந்தே போயிற்று!

இம்மறதி முழுவதும் அந்நியர் செய்ததன்று. இச்சங்கத்தின் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. அதன்பின் எழுதுகோல் நம் கையில்தான் இருந்தது. நாமும் ஆயர்களின் பட்டியலையும் கட்டட நிதியின் கணக்கையுமே எழுதினோம். சாதியைக் குறிப்பிடுவது நாகரிகமன்று என்று ஒதுக்கினோம். ஆனால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, ஆதிதிராவிடக் கிறிஸ்தவரைத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்குப் புறம்பாக்கியது. அது முதல் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருப்பதே ஏழைக் குடும்பத்துக்கு இழப்பாகக்கூடும். இதைச் சொல்லாத சபை வரலாறு, தன் மக்கள் விசுவாசத்திற்குக் கொடுத்த விலையை மறைத்துவிடுகிறது. இம்மௌனத்தை அடக்கம் என்று பாராட்ட என்னால் இயலவில்லை.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தைப் பலர் வெறும் வாழ்த்துரை என்று தாண்டிச் செல்கின்றனர். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளும், நிருபத்தை எழுதிக்கொடுத்த தெர்தியுவும் அங்கே பெயரோடு நிற்கின்றனர். காரிமங்கலத்தின் செவ்வாய்ச் சந்தை போன்ற இடங்களே அந்நாளைய உபதேசியார்களின் பிரசங்க மேடைகள். அவர்களுடைய பெயர்களும், அவர்களோடு நடந்த வேதாகம ஸ்திரீகளின் பெயர்களும் பழைய பதிவேடுகளில் தேடப்பட வேண்டும். முதியோர் நினைவிலிருப்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளவும் காலம் அதிகமில்லை.