பார்ப்பவனைக் கேட்காத ஒழுக்கம்

மும்பை செம்பூரில் ராஜ் கபூர் 1948-இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோ இன்று இல்லை. 2017 செப்டம்பரில் தீப்பிடித்தது. 2019-இல் கோத்ரெஜ் நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த ஸ்டுடியோவின் பெயரில் 1978-இல் வந்த ‘சத்யம் சிவம் சுந்தரம்’ படம் நமக்கு ஒரு வழக்கை விட்டுச் சென்றிருக்கிறது. பாலியல் படங்களைப் பற்றி மதமும் ஒழுக்கமும் பேசுவதில் எது வலு, எது ஓட்டை என்று பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இளைஞர் அமைப்பு ஒன்றின் தலைவர் தில்லி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுத்தார். படம் ஆபாசம் என்பதோடு அவர் நிற்கவில்லை. தெய்வ மணம் கமழும் தலைப்பு விவரம் அறியாதவர்களை ஏமாற்றி இழுக்கிறது என்பதும் அவர் குற்றச்சாட்டு. சம்மன் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. பாலக்காட்டுக்காரரான நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1979-இல் ராஜ் கபூரை விடுவித்தார். தணிக்கைச் சான்றிதழை நம்பிப் படத்தை வெளியிட்டவருக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு காப்பு தரும் என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி அது சரியான தீர்ப்பு. ஆனாலும் புகார் கொடுத்தவரைப் பிற்போக்குவாதி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. படத்தின் கதை ஒரு கோயில் பூசாரியின் மகளைப் பற்றியது. முகத்தின் ஒரு பாதி வெந்துபோனவள். அவள் குரலில் மயங்குகிறவனுக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மேனியழகைத் தாண்டிப் பார்க்கத் தெரியாத ஆணுக்குப் பாடம் சொல்ல வந்த கதை அது. கேமரா மட்டும் அந்தப் பாடத்தைக் காதில் வாங்கவில்லை. லிங்கத்துக்கு முன் அவள் பாடும்போதும் அது அவள் உடம்பையே சுற்றி வருகிறது. புகார்க்காரர் இதை உணர்ந்திருக்கிறார். உணர்ந்தவர் யாரைக் கேள்வி கேட்டார் என்பதுதான் என் விசாரம். தலைப்பைக் கேட்டார், துணியின் அளவைக் கேட்டார், தயாரிப்பாளரைக் கேட்டார். டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்கார்ந்த லட்சக்கணக்கான ஆண்களிடம் கேட்க அவரிடம் ஒன்றும் இல்லை.

வியப்பு என்னவென்றால், மதங்களின் மூலக் கேள்வி அந்த ஆண்களை நோக்கித்தான் இருந்தது. மலைப்பிரசங்கத்தில் இயேசு, இச்சையோடு பார்ப்பவன் பார்வையிலேயே தவறிவிட்டான் என்கிறார். பார்க்கப்பட்ட பெண்ணின் உடையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. குர்ஆனின் ‘நூர்’ அத்தியாயம் பார்வையைத் தாழ்த்தச் சொல்லும்போது முதலில் ஆண்களிடம் சொல்கிறது, பெண்களுக்கான வசனம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. வள்ளுவர் பிறனில் விழையாமைக்குத் தனி அதிகாரம் வைத்தார். அதன் பத்துக் குறளும் ஆணிடம் பேசுபவை. அதே வள்ளுவர் காமத்துக்கு 250 குறள் ஒதுக்கினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்பத்தின்மேல் அவருக்குப் பகையில்லை.

இந்தக் கேள்விக்குள்ள வலுவைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. படம் என்ன செய்கிறது என்று சட்டம் கேட்கும். நீ என்ன செய்கிறாய் என்று கேட்க அதற்கு வாய் கிடையாது. தாராவியில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, பெரிய பள்ளிவாசல் இருக்கிறது, சந்துக்குச் சந்து ஜெபக்கூடம் இருக்கிறது. ஒரு மனிதனை உட்காரவைத்து, ‘இன்னொருவர் உடம்பை நீ எப்படிப் பார்க்கிறாய்’ என்று கேட்கும் உரிமையை நம் மக்கள் இன்னும் இந்த இடங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். எந்த அரசுக்கும் அது கிடைக்கவில்லை, கிடைக்கவும் வேண்டாம்.

அந்த உரிமையை இவை காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டதுதான் கோளாறு. இந்தியா அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்துத் தொங்கிய ‘ஹிக்ளின்’ அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். 1868-இல் இங்கிலாந்தில் பிறந்தது அது. வழக்கின் பொருள், கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தைச் சாடி ஒரு புராட்டஸ்டண்டு ஆதரவாளர் விற்ற பிரசுரம். ஒரு கிறிஸ்தவப் பிரிவார் இன்னொரு பிரிவாரை ஒழுக்கக்கேடர் என்று காட்டப் போய், அந்தப் பிரசுரமே ஆபாசம் என்று தீர்ப்பானது. நோக்கம் எதுவானாலும் சரி, பலவீனமான மனத்தைக் கெடுக்கக்கூடிய பகுதி இருந்தால் போதும் என்று வைத்தார்கள்.

அந்தக் கோல் பம்பாயில் ஒரு புத்தகக் கடைக்காரர்மேல் விழுந்தது. 1959-இல், போலீஸ் அனுப்பிய போலி வாடிக்கையாளரிடம் டி.எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லீஸ் லவ்வர்’ நாவலை விற்றதாக ரஞ்சித் உதேஷிமேல் வழக்கு. முல்க் ராஜ் ஆனந்த் கடைக்காரர் தரப்பில் சாட்சி சொன்னார். பயனில்லை, 1964 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அபராதம் வெறும் 20 ரூபாய். பிரிட்டனோ 1959-லேயே புதுச் சட்டம் போட்டு, 1960-இல் இதே நாவலை வெளியிட்ட பதிப்பகத்தை விடுதலையும் செய்துவிட்டது. அவர்கள் கழற்றிப் போட்டதை நாம் 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கின் தீர்ப்பு வரும்வரை சுமந்தோம். இவ்வளவு காலத்தில் அந்தச் சட்டம் எதைத் தடுத்தது? மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் என்ஜினியரிங் கைடுகளுக்கு அடியில், கேட்டால் மட்டும் உருவித் தரும் புத்தகங்கள் எப்போதும் இருந்தன. பிறகு வீடியோ கேசட் வந்தது, சி.டி. வந்தது, இப்போது போன்.

ஆபாசத்தைத் தண்டித்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அதே 292-ஆவது பிரிவு, கோயிலில் செதுக்கியதற்கும் தேரில் செதுக்கியதற்கும் விலக்கு அளித்தது. நம் ஊர்த் தேர்களின் அடிப்பலகையைக் குனிந்து பார்த்தவர்களுக்கு அந்த விலக்கு ஏன் தேவைப்பட்டது என்று தெரியும். விலக்கு நியாயமானதே. ஆனால் உடல் சேர்க்கையைக் காட்டுவதே பாவம் என்ற வாதம் இந்த மண்ணின் சமயத்திலிருந்து மட்டும் முளைத்திருக்க முடியாது என்பதற்கு அந்த விலக்கே சாட்சி. அந்த வாதத்தில் பாதி விக்டோரியா காலத்துச் சரக்கு. அதை நம் சீர்திருத்தக்காரர்களும் தமதாக்கிக்கொண்டார்கள்.

தஞ்சை மராட்டியர் அவையிலிருந்த முத்துப்பழனி, 18-ஆம் நூற்றாண்டில் ராதையின் காமத்தைப் பாடித் தெலுங்கில் எழுதிய காவியம் ‘ராதிகா சாந்த்வனம்’. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் அதை முழுதாக அச்சேற்றினார். திருவையாற்றில் தியாகையர் சமாதியைக் கட்டியெழுப்பினாரே, அதே அம்மையார்தான். சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் பந்துலு அந்தக் காவியத்தைப் பழித்தார். அரசு தடை செய்தது. 1947-இல் பிரகாசம் முதல்வராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. ஆண்கள் எழுதிய இதைவிடக் காரமான சிருங்கார நூல்களுக்கு வராத கோபம் இதற்கு மட்டும் ஏன் என்று நாகரத்தினம்மாள் அன்றே கேட்டார். கண்ணனின் காமம் பக்தியானது, பெண் எழுதிய ராதையின் காமம் குற்றமானது. மதத்தின் பேரால் நடக்கும் ஒழுக்கக் காவலில் இந்த ஓரவஞ்சனையைத்தான் நான் முதல் குறையாக வைப்பேன். கேள்வி ஆணின் பார்வையில் தொடங்கிப் பெண்ணின் உடம்பில் போய் முடிந்துவிடுகிறது.

தனியுரிமை பேசும் எதிர்த் தரப்புக்கும் ஒரு ஓட்டை உண்டு. இணையத்தில் பாலியல் படங்களை அறவே தடுக்கக் கோரி 2013-இல் ஒரு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஜூலையில் அந்த வழக்கின்போது தலைமை நீதிபதி தத்து, வயது வந்தவர் தன் அறையின் நான்கு சுவருக்குள் பார்ப்பதை எப்படித் தடுப்பது என்று கேட்டார். அந்த மாதக் கடைசியில் அரசு 857 தளங்களை மூடியது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. தத்துவின் கேள்வி நியாயமானது. ஆனால் தாராவியில் எந்த நான்கு சுவர்? பத்துக்குப் பத்து ‘கோலி’ எனும் ஒற்றை அறையில் ஆறு பேர். மேலே ‘மாலா’ எனும் பரண், ஏணியில் ஏறிப் போனால் அண்ணன், தம்பி, கல்யாணமான அக்கா வந்தால் அவளும். அங்கே ஒருவன் போனில் பார்ப்பது இன்னொருத்தியின் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. தனியுரிமை என்ற வாதம் பணக்காரக் கட்டடங்களின் கதவுகளை நம்பி நிற்பது. அடுத்தவர் கண் எப்போதும் நம்மேல் இருக்கும் இடத்தில், பார்வைக்கு ஒழுங்கு வேண்டும் என்று கேட்கும் பெண்களை மதவெறியர்கள் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

அப்படி ஒருவர் எனக்குத் தெரிந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து விடிகாலையில் இட்லி அவித்து அனுப்பும் குடும்பம். பி.காம். படிக்கும் மகனின் போனைத் தற்செயலாகப் பார்த்துவிட்டார். “ஏக்கா, பெத்த பிள்ள மூஞ்சியப் பாக்கவே கூச்சமா இருக்கு. இத நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?” என்றார். ஜெபக்கூடத்தில் பெரியவர் ஒருவரிடம் கூட்டிப் போனார். உபவாசம் இரு, போனைக் கொடுத்துவிடு, பரிசுத்த ஆவியிடம் மன்றாடு என்றார்களாம். பையன் எல்லாவற்றையும் செய்தான். வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் உட்கார ஆரம்பித்தான். ஒருநாள் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே என்னிடம் கேட்டான்: “பெரியம்மா, அதுல வர்றவங்க நெசமாவே சம்மதிச்சுத்தான் வர்றாங்களா?”

இத்தனை போதனையிலும் அவனிடம் யாரும் எழுப்பாத கேள்வி அது. சிலர் சம்மதித்து வருகிறார்கள், சிலர் வருவதில்லை, திரையைப் பார்த்து உன்னால் கண்டுபிடிக்க முடியாது என்றேன். 2021-இல் இதே மும்பையில், மட் தீவு பங்களா ஒன்றில் போலீஸ் சோதனை நடந்தது. நடிக்க வாய்ப்புத் தருவதாகக் கூப்பிட்டுப் பெண்களைக் கட்டாயப்படுத்தியதாகப் புகார்கள் வந்தன. வாய்ப்புத் தேடி இந்த நகரத்துக்கு வரும் பெண்களின் கடன், வாடகை, மிரட்டல் எதுவும் திரையில் தெரிவதில்லை.

அவனை வாசலுக்குத் துரத்திய கூச்சத்தைப் பற்றி ஆய்வுகளும் பேசுகின்றன. அமெரிக்க உளவியலாளர் ஜோஷுவா கிரப்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் கண்டது இது: பார்ப்பது பாவம் என்று நம்பிக்கொண்டே பார்ப்பவர்கள், எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதைத் தாண்டி, தாங்கள் அடிமையாகிவிட்டதாக நம்பித் தவிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. ஆனால் ஒழுக்கக் கண்டனத்தால் மட்டும் வரும் மன உளைச்சலை வைத்து அப்படி முடிவு செய்யக்கூடாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். நோயும் உண்டு, குற்ற உணர்வும் உண்டு. நம் போதகர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டுக்கும் ஒரே உபவாசத்தைக் கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் அசிங்கம் என்ற ஒரே மூட்டையில் கட்டுவதால் வரும் பெரிய கேடு, குழந்தைகள் விஷயத்தில் வெளிப்பட்டது. குழந்தைகளை வைத்து எடுத்த படத்தைத் தரவிறக்கிப் பார்த்தவர்மேல் அம்பத்தூரில் பதிவான வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இளைய தலைமுறையின் பழக்க அடிமைத்தனம், அதற்கு அறிவுரை என்ற பாணியில் அந்த உத்தரவு போனது. கெடுபவன் பார்ப்பவனே என்ற பழைய சமயப் பார்வை அதில் அப்படியே இருக்கிறது. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. அப்படிப்பட்ட படம் ஒரு குழந்தைக்கு நேர்ந்த வன்கொடுமையின் பதிவு. அதை அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி குற்றமாகலாம் என்றது. படத்துக்குள் ஒரு ஆள் இருக்கிறார் என்பதை அந்தத் தீர்ப்பு கண்டது. பார்ப்பவனின் ஆன்மாவைப் பற்றியே நூற்றாண்டுகளாகக் கவலைப்பட்ட நம் உபதேசங்கள் அவரைக் கண்டதாக எனக்கு நினைவில்லை.

வயது வந்த இருவர் சம்மதித்துத் தங்களைப் படம்பிடித்துக்கொள்வதை நான் பாவம் என்று சொல்லமாட்டேன். சொல்கிறவர்களோடு சண்டையும் இல்லை. அவர்கள் தங்கள் வாழ்க்கையை அதன்படி வகுத்துக்கொள்ளலாம். சண்டை எங்கே என்றால், காதலித்தவனே அந்தப் படத்தைச் சால் குடியிருப்புக்குள் பரப்பிவிடும்போது. அன்றைக்கு ஊர்ப் பெரியவர்கள் யாரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்று பாருங்கள். பெண்ணைத்தான். ஊருக்கு அனுப்பு, சீக்கிரம் கட்டிக்கொடு, வெளியே சொல்லாதே என்பார்கள். அனுப்பியவனையும் வாங்கிப் பார்த்து அடுத்தவனுக்குத் தள்ளியவனையும் யாரும் கூப்பிடுவதில்லை. மூன்று மதத்தாரிடமும் பார்வையைப் பற்றி இத்தனை ஆழமான போதனை இருந்தும், அதைப் பயன்படுத்த வேண்டிய நாளில் யாரும் எடுப்பதில்லை.

சம்மதமில்லாமல் பரவும் அந்தரங்கப் படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால், குறித்த நேரத்துக்குள் அந்தத் தளம் அதை முடக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கின்றன 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள். மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலே பதியலாம். தாராவியின் ஜெபக்கூடத்தில் ஆராதனை முடிந்து கல்யாண அறிவிப்பு வாசிக்கும்போதும், பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை உரையிலும், செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலின் 108 படி ஏறி வருகிறவர்களிடமும் இந்த இரண்டு தகவலையும் சொல்ல அரை நிமிடம் போதும். அதோடு, அந்தப் படம் உங்கள் போனுக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள் என்று ஆண்களைப் பார்த்துச் சொல்ல இன்னும் அரை நிமிடம்.