வெள்ளி ரூபாயின் லக்ஷணம்

பழைய வெள்ளி நாணயங்களைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களிற் பலர், கள்ள நாணயம் கைக்கு வந்துவிடுமோ என்ற கவலையினாலேயே நல்ல நாணயத்தை ஆற அமரப் பார்க்கும் இன்பத்தை இழந்துவிடுகிறார்கள். போலிக்குரிய குற்றங்களை ஜாபிதாப் போட்டு மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போகிறவரைவிட, மெய்யான ரூபாய் ஒன்றோடு நெடுநாள் பழகி, அதன் கனமும் ஓசையும் விளிம்பும் எழுத்தும் விரலுக்கும் காதுக்கும் கண்ணுக்கும் பரிச்சயமாகும்படி செய்துகொண்டவரே எளிதில் ஏமாறாதவர் என்று நான் திடமாக நம்புகிறேன். போலியைக் கண்டறிவதும் ரசனையின் ஓர் அங்கமே.

அப்படிப் பழகுவதற்கு மிகவும் ஏற்றது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1918-ஆம் ஆண்டு ரூபாய். முதல் உலக யுத்தத்தின் இறுதியில் இந்தியாவில் வெள்ளிக்கு ஏற்பட்ட பெருந்தட்டுப்பாட்டைப் போக்கும் பொருட்டு, அமெரிக்க அரசாங்கம் பிட்மன் சட்டம் என்ற ஒன்றை இயற்றித் தன் கஜானாவிலிருந்த வெள்ளி டாலர்களில் இருபத்தைந்து கோடிக்கு மேற்பட்டவற்றை உருக்கிப் பிரிட்டனுக்கு விற்க, கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகள் அக்காலத்தில் ரூபாய்களைக் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளின. ஆதலால் இன்றும் அது தாராளமாகக் கிடைக்கிறது. அதில் மன்னரின் உருவத்தை அமைத்தவர் பெர்ட்ராம் மக்கென்னல் என்னும் ஆஸ்திரேலியச் சிற்பி. மன்னர் அணிந்த ஆரத்தில் ஒரு சிறிய யானை உண்டு. 1911-இல் முதன்முதல் அடித்த ரூபாயில் அதன் துதிக்கை குறுகிப் பன்றியின் சாயல் தட்டவே, ஜனங்களிடையே ஆட்சேபம் எழுந்து, அரசாங்கம் பெரும்பகுதியை வெளிவிடாமலே உருக்கிவிட்டு, 1912-இல் துதிக்கையும் காதும் தெளிவாகத் தெரியும்படி அச்சைத் திருத்தியது. ஓரிரு மில்லிமீட்டர் உயரமே உள்ள அந்த யானையைப் பூதக்கண்ணாடியின் கீழ் நிதானமாகப் பார்த்து, துதிக்கை உடலினின்று பிரியும் இடம் எவ்வளவு ஸ்பஷ்டமாக இருக்கிறது என்பதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு, அந்த இடம் மழுங்கி அடைத்துக் கிடக்கும் நாணயத்தைக் கண்டதும் சந்தேகம் தானே எழும்.

எடையைப் பற்றிப் பலர் அறிவார்கள். 1835-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 180 கிரெயின் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்னும் மாற்றும், நான்காம் வில்லியம் தொடங்கி ஆறாம் ஜார்ஜ் வரையில் முகங்கள் மாறியபோதும் 1939 வரை மாறவில்லை. மூன்று ரூபாய் எடை ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை என்று நம் சென்னை மாகாணத்துக் கடைக்காரர்கள் அந்த நாணயத்தையே அளவாகக் கொண்டிருந்தார்கள் என்றால், அதன் எடையில் அவர்களுக்கு இருந்த நம்பிக்கையை ஊகித்துக்கொள்ளலாம். இன்றைய கணக்கில் அது 11.66 கிராம். தேய்ந்த ரூபாய் சற்றுக் குறைவது இயல்பு. தேயாத ரூபாய் குறைந்தால் அது வேறு விஷயம். நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் நல்ல ரூபாய் சுமார் 1.13 கிராம் குறைந்து காட்டும். செம்போ வெள்ளீயமோ மிகுந்தது அதனினும் அதிகமாகவும், ஈயம் மிகுந்தது அதனினும் குறைவாகவும் இழக்கும். விரல் நுனியில் நிறுத்தி மற்றொரு ரூபாயால் மெல்லத் தட்டும்போது எழும் நாதம் இனிமையானதுதான். ஆனால் உள்ளே விரிசல் கண்ட மெய்யான நாணயமும் ஊமையாக ஒலிக்குமாகையால், ஓசையை மட்டும் நம்பி ஒன்றைத் தள்ளிவிடுவது நியாயமாகாது.

நாணயத்தின் அந்தரங்கமெல்லாம் அது அடிக்கப்பட்ட அந்தக் கணத்தில் இருக்கிறது. இரண்டு எஃகு அச்சுக்களுக்கு நடுவே அகப்பட்ட வெள்ளி வில்லை, பெரும் அழுத்தத்தினால் ஒரு கணம் இளகி, மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்ச்சியின் சுவடுகள் மிக நுண்ணிய கோடுகளாக அதன் பரப்பில் தங்கிவிடுகின்றன. அதிகம் புழங்காத ரூபாயை விளக்கடியில் மெல்லச் சாய்த்துத் திருப்பினால் ஒளி ஆரக்கால்களாகப் பிரிந்து நாணயத்தைச் சுற்றிச் சுழலுவது இதனால்தான். இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வார்ப்பில் ஊற்றிய போலிக்கு இது வாய்ப்பதேயில்லை. எவ்வளவு மெருகிட்டாலும் அதன் பளபளப்பு ஓரிடத்திலேயே நிற்கும். எழுத்துக்களும் அவ்வாறே. அடித்த எழுத்து தளத்திலிருந்து நேராக எழுந்து, இரண்டும் சந்திக்கும் மூலை கத்தியால் கீறியதுபோல் கூர்மையாக இருக்கும். வார்த்த எழுத்தின் அடி உருண்டு மழுங்கி, அதன் இடுக்குகளில் ஊசிமுனைத் துளைகளும், சிற்சில இடங்களில் வேண்டாத உலோகப் பொட்டுக்களும் காணப்படும். விளிம்பில் இரு பாதிகள் சேர்ந்த கோட்டை அரத்தால் ராவிய தடம் தெரிந்தால் மேற்கொண்டு ஆராய்ச்சி தேவையில்லை. ஆயினும் ஒன்று: நம் வீடுகளில் மாலையாகக் கோப்பதற்காக ரூபாய்க்குக் காது பற்றவைத்துப் பின்னர் எடுத்துவிடுவதுண்டு, அப்போது விளிம்பின் ஒரே இடத்தில் மட்டும் அரம் பட்டிருக்கும். அது காயப்பட்ட நாணயமே தவிரப் போலியன்று.

தேய்மானத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. விக்டோரியா ராணியின் ரூபாய் பல கைகள் மாறும்போது முதலில் தேய்வன கிரீடமும் கன்னமும் போன்ற மேடான இடங்கள். உடுப்பின் பூவேலையில் பள்ளமான பகுதிகள் அப்பொழுதும் கூர்மையாக நிற்கும். தேய்ந்த ரூபாயொன்றை மாதிரியாக வைத்து வார்த்தெடுத்த போலியிலோ மேடும் பள்ளமும் ஒருங்கே மங்கியிருக்கும்.

மிகச் சூட்சுமமான மோசம் வேறொன்று. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாய்களில் 1938 எளிதில் அகப்படும். 1939 மிக அபூர்வம், விலையும் பன்மடங்கு. எனவே 1938-இன் கடைசி எண்ணில் கீழ்ச்சுழியின் இடப்பக்கத்தைச் சுரண்டி 8-ஐ 9 ஆக்கிவிடுகிறார்கள். இங்கே எடை மெய், வெள்ளி மெய், நாதமும் மெய். தராசும் உரைகல்லும் வாய் திறவா. சாட்சி நாணயத்திலேயே இருக்கிறது: ஆண்டின் இரண்டாம் எண்ணும் 9 அல்லவா? அக்கசாலையின் அச்சில் பிறந்த அந்த 9-ஐயும், கடைசியில் நிற்கும் 9-ஐயும் மாறி மாறிப் பார்த்தால், பின்னதன் இடுப்பு 8-க்குரிய ஒடுக்கத்தோடு நிற்பதும், அதன் இடப்பக்கத்துத் தளம் சுரண்டலால் கோடுகள் விழுந்து கிடப்பதும் புலனாகும். இதுபோன்ற இடத்தில்தான் பழகிய கண்ணின் பெருமை விளங்குகிறது. 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்து, கள்ளர்களைத் தடுக்க விளிம்பில் ஒரு பள்ளமும் புகுந்ததால், 1939 என்று காட்டப்படும் ரூபாயில் அந்தப் பள்ளம் தென்பட்டாலே சங்கதி வெளியாகிவிடும்.

1818 என்ற ஆண்டையும் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரையும் ஒருபுறமும், ராமர் பட்டாபிஷேகத்தை மறுபுறமும் தாங்கி வரும் வில்லைகளைக் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கும்பினி அப்படி ஒரு நாணயம் வெளியிட்டதே இல்லை. பூஜையில் வைக்கலாம், நாணயமென்று விலை கொடுக்கலாகாது.

என் அபிமானம் ஆர்க்காட்டு ரூபாயின்மேல். இரண்டாம் ஆலம்கீர் பாதுஷாவின் பெயரையும் ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டையும் தாங்கி, அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆன பின்னும், தாமரைச் சின்னத்தோடு சென்னையில் கும்பினி அடித்த நாணயம் அது. அவற்றிற் சிலவற்றின் முகத்தில் சிறு பூவாகவோ புள்ளியாகவோ, சராபுகள் சோதித்துக் குத்திய முத்திரைகள் இருக்கும். அழகு கெட்டது என்று சேகரிப்போர் அவற்றுக்கு விலையைக் குறைக்கிறார்கள். நான் அவற்றையே தேடி வாங்குகிறேன். முத்திரையின் பள்ளத்துக்குள் பூதக்கண்ணாடியைச் செலுத்தினால் மேற்பூச்சு கிழிந்து செம்பு தெரிகிறதா, அடிவரை வெள்ளியே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அந்த ரூபாயை எனக்கு முன் சோதித்த சராபும் அதையே பார்க்கத்தான் குத்தியிருக்கிறார்.