ஆணி இல்லாத செருப்பு

புனே லட்சுமி சாலைக் கடைகளில் தொங்கும் கோலாப்பூரிச் செருப்பின் வேலைப்பாட்டை அடிப்பக்கம் திருப்பித்தான் பார்க்க வேண்டும். முறையாகச் செய்ததில் ஆணி இருக்காது. நூலுக்குப் பதில் மெல்லிய தோல்வார்தான் தையல். கருவேலம்பட்டை, கடுக்காய்ச் சாற்றில் ஊறிப் பதப்பட்ட தோல் இது. வாரக்கணக்கில் பிடிக்கும் வேலை. ஆனால் குரோமியத்தில் பதனிட்ட தோலுக்கு வராத விறைப்பும், நாளாக ஆகக் கருக்கும் தேன்நிறமும் இதற்கு வரும். துளையிட்டு வாரைச் செலுத்தும் இடத்தில்தான் கைத்திறன் தெரியும்: துளை பெரிதானால் தையல் தளரும், சிறிதானால் வார் அறுந்துபோகும்.

புதுச் செருப்பு கடிக்கும். பட்டையின் உட்புறம் எண்ணெய் தடவி ஓரிரவு விட்டு, முதலில் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழக வேண்டும். நனைந்ததை வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். புனேயின் ஜூலை மழையில் இதைப் போட்டுக்கொண்டு கிளம்புவது வீண் துணிச்சல்.

மகாராஷ்டிரம், கர்நாடகம் இரண்டிலுமாக எட்டு மாவட்டங்களில் செய்யப்படும் இந்தச் செருப்புக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜூனில் பிராடா ஃபேஷன் நிறுவனம் மிலானில் இதே சாயலில் செருப்பைக் காட்டியபோது கோலாப்பூரின் பெயர் வரவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே இந்தியக் கைவினைதான் அதற்கு மூலம் என்று ஒப்புக்கொண்டது.