சும்மா விட்டால் பெண்ணா?

விலங்கியல் படித்த காலத்தில் என் நோட்டில் எழுதிவைத்த ஒரு வரி: கருவில் எஸ்ஆர்ஒய் மரபணு இருந்தால் விந்தகம் உருவாகும், இல்லாவிட்டால் தானாகவே சினைப்பை. அந்தத் ‘தானாகவே’ மேலதான் இப்போ எனக்குச் சண்டை.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பிரெஞ்சு ஆய்வாளர் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் 1947-ல் வெளியிட்ட முயல் சோதனை. தாயின் வயிற்றில் இருந்த கருக்களின் பாலினச் சுரப்பிகளை அவர் வெட்டி எடுத்தார். ஆண் கருக்களிலும் கருப்பை, கருக்குழாய் வளர்ந்தன. அபாரமான வேலை, சந்தேகமே இல்லை. ஆனா கவனிங்க, அது நாளங்களைப் பற்றிய சோதனை. சுரப்பியையே எடுத்துவிட்ட உடம்பை வைத்து, சினைப்பை தானா வரும்னு எப்படிச் சொல்றது?

1999-ல் சுண்டெலிகளில் வேறு கதை வெளிவந்தது. வின்ட்-4 என்பது ஒரு செல் பக்கத்துச் செல்லுக்கு அனுப்பும் சமிக்ஞைப் புரதம். அதற்கான மரபணுவை நீக்கிய பெண் கருக்களில் சினைப்பை டெஸ்டோஸ்டிரோன் சுரந்தது. கருமுட்டைகள் பெரும்பாலும் பிறப்பதற்குள்ளேயே அழிந்தன. கருப்பையாக வேண்டிய நாளம் உருவாகவே இல்லை.

மனிதர்களில் ஆதாரம் 2006-ல் வந்தது. வின்ட் சமிக்ஞையை வாங்கும் ஏற்பிகளைச் செல் தன் மேற்பரப்பிலிருந்து கழற்றி அழித்துக்கொண்டே இருக்கும். அதைத் தடுத்து, சமிக்ஞை பலமாகக் கேட்கும்படி செய்வது ஆர்ஸ்போ-1 என்ற புரதம். ஓர் இத்தாலியக் குடும்பத்தில் இந்த மரபணு பழுதான சிலர் எக்ஸ்எக்ஸ் குரோமோசோம்களோடு ஆண்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களிடம் எஸ்ஆர்ஒய் கிடையாது.

“எஸ்ஆர்ஒய் இல்லாவிட்டால் போகும் பாதை என்ற அர்த்தத்தில்தான் தானாகவே என்கிறோம்” என்று சிலர் சமாளிப்பார்கள். இந்தக் குடும்பத்தில் எஸ்ஆர்ஒய் இல்லை, ஆர்ஸ்போ-1 வேலை செய்யவில்லை. வந்தது விந்தகத் திசு. அப்போ எது தானாக வருவது?

பிறந்த பிறகும் இது முடிவதில்லை. 2009-ல் வளர்ந்த பெண் சுண்டெலிகளில் ஃபாக்ஸ்எல்-2 மரபணுவை அணைத்தபோது, சினைப்பையின் கிரானுலோசா செல்கள் விந்தகச் செல்களைப் போல மாறத் தொடங்கின. (இது சமிக்ஞை அல்ல, மற்ற மரபணுக்களை இயக்குவது. கதைக்குத் தேவை என்பதால் சேர்த்தேன்.)

கருமுட்டையும் சும்மா காத்துக் கிடப்பதில்லை. அது ஜிடிஎஃப்-9, பிஎம்பி-15 என்ற புரதங்களை வெளியிட்டுத் தன்னைச் சுற்றியுள்ள செல்களை வளரச் சொல்கிறது. ஜிடிஎஃப்-9 இல்லாத எலிகளில் நுண்பைகள் ஆரம்பக் கட்டத்திலேயே நின்றுவிடும். நியூசிலாந்தின் இன்வர்டேல் செம்மறிகள் இன்னும் விநோதம்: பிஎம்பி-15 மரபணுவின் ஒரு பிரதி பழுதானால் அதிகக் குட்டிகள், இரண்டும் பழுதானால் மலடு. அளவுதான் எல்லாம்.

நூறு பெண்களில் சுமார் ஒருவருக்கு 40 வயதுக்குள்ளேயே சினைப்பை செயலிழக்கிறது. பலருக்குக் காரணம் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. ‘தானாக வருவது’ என்று நினைக்கும் ஒன்றில் எது உடைந்தது என்று யார் தேடுவார்கள்?

கடைசியில் ஜோஸ்டின் நாளங்களுக்கும் ஆபத்து வந்தது. பெண் கருவில் ஆண் நாளம் ஹார்மோன் இல்லாததால் தானாக மறைகிறது என்றிருந்தோம். கூப்-டிஎஃப்2 என்ற மரபணுவை நீக்கிய பெண் எலிக்கருக்களில் அது மறையாமல் அப்படியே இருந்ததை 2017-ல் காட்டினார்கள். அழிப்பதற்கும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.