விசிறிக்குப் பின்னால்

கலிபோர்னியப் பல்கலைக்கழகங்களில் பிலிப்பினோ மாணவர்கள் நடத்தும் பண்பாட்டு இரவுகளில் 'சிங்கில்' ஆட்டத்துக்குத் தனி மவுசு. குறுக்கும் நெடுக்குமாக மூங்கில்கள் மோதிக்கொள்ள, நடுவில் விசிறியோடு, முகத்தில் சலனமே இல்லாமல் ஒரு இளவரசி. மிண்டனாவ் தீவின் முஸ்லிம்களான மரனாவ் மக்களின் ஆட்டம். ஆடுவது பெரும்பாலும் கத்தோலிக்கப் பிள்ளைகள்.

இது லனாவ் ஏரிக்கரையிலிருந்து நேரா வந்துவிடல. 1957இல் மணிலாவில் தோன்றிய பயனிஹான் குழு மேடைக்கென்று செதுக்கிய வடிவம் இது. அடுத்த வருஷமே அக்குழு பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் தேசத்தின் முகமாகப் போய் நின்றது. 1972இல் மார்க்கோஸின் ராணுவச் சட்டம். 1974இல் அரசுப் படைக்கும் மோரோ போராளிகளுக்கும் நடந்த சண்டையில் ஜோலோ நகரம் எரிந்தது. மேடையில் இளவரசி ஆடிக்கொண்டுதான் இருந்தாள்.

மே மாத சாந்தாக்ருசான் ஊர்வலத்தையும் சேர்த்து வாசிக்கணும். சிலுவையைத் தேடிப்போன ஹெலேனா அரசியின் நினைவாக நடப்பது. அதில் 'ரெய்னா மோரா' என்றொரு பாத்திரம், கிறித்தவத்துக்கு முந்தைய மதத்தின் குறியீடு. ஊர்வலத்தில் முஸ்லிம் பெண் முடிந்துபோன காலம். மேடையில் வெறும் பகட்டு. இரண்டிலும் அவளுக்குப் பேச்சு கிடையாது.

நிறவெறிக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் தேவைப்படுது, அதை ஏளனம் செய்ய எனக்கு மனசில்லை. 1965இல் டெலானோ திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் பிலிப்பினோத் தொழிலாளர்கள் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறவர்கள்தானே இவர்கள்? வந்த நாட்டில் தமக்கு நேர்ந்ததை விசாரிக்கத் தெரிந்தவர்கள், விட்டுவந்த நாட்டில் தம் பெரும்பான்மை செய்ததை மட்டும் ஏன் விசிறியால் மூடுறாங்க?